சீக்கிரம் சாகிற பாத்திரங்கள்

லோஜனின் நாடகக் குழுவில் சுலக்ஷனா நான்கு வருடங்களில் ஏழு தடவை செத்திருக்கிறாள். இரண்டு தடவை கல்யாணமாகிப் போயிருக்கிறாள். ஒரு தடவை, மேடைக்கு வந்த மூன்றாவது நிமிடத்தில், குவைத்துக்குப் போனாள். எல்லாமே முதல் காட்சியில். முக்கால் மணித்தியால நாடகத்தில் அவள் மேடையில் நிற்பது எட்டு நிமிடம்கூட இல்லை. நடிப்பு சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை. கரண்ட்தான் காரணம். அவள் செத்தால்தான் பின்னால் ஓடிப் போய் லைட்டைப் பார்க்க முடியும்.

உயர்தரப் பரீட்சை எழுதியபின் ஹட்டன் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் மின்னிணைப்பு வேலை படித்தாள். வகுப்பில் இருபத்து மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். மற்றப் பெண் இரண்டாவது மாதமே தையலுக்கு மாறிப் போனாள். சுலக்ஷனா மாறவில்லை. சுவிட்சை அமுக்கினால் பல்ப் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. லெவல் ஃபோர் சான்றிதழ் வாங்கினாள். வேலை கேட்டுப் போன இடங்களில் சான்றிதழைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள், பிறகு "கணக்கு எழுதுற வேலை ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?" என்றார்கள்.

லோஜன் கொட்டகலை பஸாரில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறவன். அவன் சான்றிதழைப் பார்க்கவே இல்லை. "லைட் போடத் தெரியுமா? அப்ப வா," என்றான்.

அவள் போன மூன்றாவது நாள் ஒரு நடிகன் லைட் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டான். அந்தக் குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. மேடைக்கு ஏறுமுன் எல்லோரும் லைட் ஸ்டாண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அன்றைக்கு ஸ்டாண்டில் கரண்ட் கசிந்தது. தொட்டவனின் விரல்கள் இரும்பைப் பிடித்தது பிடித்தபடி நின்றன. அவள் மெயினை அணைத்து அவனை விடுவித்துவிட்டுக் கத்தினாள்.

"கும்பிடுறதுன்னா கும்பிடுங்க. ஆனா உள்ளங்கையால தொடாதீங்க. கரண்ட் இருந்தா விரல் மடங்கி அதையே புடிச்சுக்கும். புறங்கையால தொடுங்க. அடிச்சாலும் கை தானா தள்ளிப் போயிரும்."

அன்றிலிருந்து குழு முழுவதும் புறங்கையால் தொட்டுத்தான் கும்பிடுகிறது. நாடகம் பார்க்க வந்தவர்கள் இது என்ன புதுச் சாமி என்று கேட்டிருக்கிறார்கள்.

நடிக்க வந்ததும் ஒரு சந்தேகத்தால்தான். இருட்டில் உட்கார்ந்திருக்கும் தனக்கு மேடையில் நிற்பவனின் கண் இமைப்பதுகூடத் தெரிகிறதே, அவனுக்கு இங்கே என்ன தெரியும்? ஒரு ஒத்திகையில் லோஜனைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு நடுவில் போய் நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. முழுக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் யாரோ இருமினார்கள். தெரிந்த ஒரு வசனத்தைச் சொன்னாள். இருமல் நின்றுவிட்டது. எப்படி நின்றது? அந்தக் கேள்விக்கு அவளுக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் திரும்பத் திரும்ப ஏறுகிறாள். ஏறி, செத்து, இறங்கி, லைட்டுக்கு ஓடுகிறாள்.

"ஒரு நாடகத்துலயாவது கடைசி வரைக்கும் உயிரோட விடுய்யா," என்று லோஜனிடம் கேட்டிருக்கிறாள்.

"நீ உயிரோட இருந்தா நாங்க இருட்டுல நிக்கணுமே, சுலா."

இந்த வருடம் ஹட்டனில் போட்ட நாடகத்துக்குக் கொழும்பிலிருந்து நிரஞ்சன் என்ற டைரக்டர் வந்திருந்தார். முதல் படம் எடுக்கப் போகிறவர். நாடகம் முடிந்ததும் பின்பக்கம் வந்து, "அந்தக் குவைத் போன பிள்ளை யார்? ஏன் அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். லோஜன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சுலக்ஷனா அவன் காலை மிதித்தாள்.

"கதை அப்படி, சேர்," என்றாள்.

இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. வேலைக்குக் கொழும்பு போகிற தம்பியை அக்கா வழியனுப்புகிற காட்சி. பதினொரு வசனம். சாவு இல்லை, கல்யாணம் இல்லை, குவைத் இல்லை. அவள் லோஜனின் கடைக்குப் போய், "எனக்கு கரண்ட் வேலை தெரியும்னு அங்க யாருக்காவது சொன்னே, உன் மெஷினைக் கழட்டிப் போட்டுருவேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

படப்பிடிப்பு கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் நடந்தது. காலையிலிருந்து மழை தூறிக்கொண்டே இருந்தது. ஹட்டனில் மணப்பெண் அலங்காரம் செய்கிற றிஃப்னாவைத்தான் மேக்கப்புக்குப் பிடித்திருந்தார்கள். அவள் சுலக்ஷனாவின் விரல்களில் பழுப்பு நிறம் பூசிக்கொண்டிருந்தாள். தேயிலைக் கொழுந்துக் கறையாம்.

"ஒங்க உம்மா கொழுந்து எடுக்கிறவங்கதானே? அவங்க கை இப்படியா ஈக்கும்?"

"இல்ல. நகக்கண்ணுல கறுப்பா இருக்கும். அப்புறம் இங்க, கட்டைவிரல் ஓரத்துல வெடிப்பு."

"வெடிப்பெல்லாம் பூசினா அசிங்கமா ஈக்கும்னு சொல்லிட்டாங்க, புள்ள. மணப்பொண்ணுக்கு மருதாணி வெக்கிற மாதிரி அழகா வெக்கச் சொல்லி உத்தரவு."

முதுகில் ஒரு பிரம்புக்கூடையையும் மாட்டிவிட்டிருந்தார்கள். சுலக்ஷனா அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். கொழுந்து மலையிலிருந்து அம்மாவின் குரல் பதிவாகி வந்தது. "என்னாடி இது கூடைய மாட்டிக்கிட்டு நிக்கிற? கூடைய பாத்து வருஷக்கணக்காச்சே. நாங்க சாக்குதானே கட்டிக்கிட்டுப் போறோம். எந்தக் கடையில புடிச்சாங்க?" பின்னால் நாலைந்து பெண்கள் சிரிப்பது கேட்டது.

நிரஞ்சனிடம் அவள் இதைச் சொல்லிப் பார்த்தாள். "தெரியும் தங்கச்சி. ஆனா பார்க்கிறவங்களுக்குக் கூடைதான் தெரியும்," என்றார் அவர். பார்க்கிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு என்னென்ன தெரியாது என்றெல்லாம் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. பதினொரு வசனத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்த்தாள். ஒருவன் கதவைத் திறந்து வெளியே போகிறான். அவன் வெளியே வருவதை நேற்றே எடுத்துவிட்டார்களாம். இங்கே நேரம் நேராக ஓடுவதில்லை. மேடையில் ஒரு தடவை செத்தால் அன்றைக்குச் செத்ததுதான். இங்கே செத்தவர் எழும்பி பிளேன்டீ குடித்துவிட்டுத் தன் பிறந்தநாளுக்குப் போகலாம். இதற்குள் ஒரு மனுசர் எப்படித் தன் முகத்தைத் தொலைக்காமல் வைத்திருக்கிறார்?

ஒன்றரை மணிக்கு, கேட்கக் கூடாத ஒன்று அவள் காதில் விழுந்தது. தம்பியாக நடிக்கிற நிரோஷன் மூன்று மணிக்குக் கிளம்பிக் கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை வெளிநாடு போகிறான். நிரஞ்சன் கெமராக்காரரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டேகாலுக்குள்ள தொடங்க முடியலன்னா அக்கா சீனைத் தூக்கிடுவோம். தம்பி பேக்கோட தனியா நடந்து போறதை மட்டும் எடுத்துக்கலாம்."

தூக்கிடுவோம். மறுபடியும் முதல் காட்சியிலேயே.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். லய அறை சின்னது. ஆட்கள் நனைந்த குடைகளோடு வந்து போனதில் சீமெந்துத் தரை முழுக்க ஈரம். மூலையில் உயரமான ஸ்டாண்டில் பெரிய லைட். அதற்குக் கரண்ட் சுவரில் இருந்த பழைய பிளக்கிலிருந்து போயிருந்தது. கதவில் சாய்ந்து கூடையோடு அழ வேண்டியது அவள். வெறுங்காலோடு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது நிரோஷன்.

உள்ளே வந்தவள் பழக்கதோஷத்தில் ஸ்டாண்டைப் புறங்கையால் தொட்டாள். கை தெறித்துப் போய்க் கதவில் இடித்தது.

"என்ன புள்ள, கும்பிடுறியா, அடிக்கிறியா?" என்று றிஃப்னா வாசலில் நின்று சிரித்தாள்.

சுலக்ஷனா சிரிக்கவில்லை. முழங்கை வரை விறுவிறுத்தது. தரையைப் பார்த்தாள். நிரோஷனின் காலைப் பார்த்தாள். மணி இரண்டு ஐந்து. ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அவன் தொடாமலும் இருக்கலாம். பதினொரு வசனம், நாலு நிமிடம். எவ்வளவு நேரம் இப்படி நினைத்தாள்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்காகப் பிறகு அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

"யாரும் அந்த ஸ்டாண்டைத் தொடாதீங்க. கரண்ட் அடிக்குது."

லைட் வேலை பார்க்கிற கிஷாந்த் எட்டிப் பார்த்தான். "லேசாக் கூசும் தங்கச்சி. மழைக்கு அப்படித்தான்."

"கூசல. அடிச்சிச்சு. நீங்க சப்பாத்து போட்டிருக்கீங்க, அதனால கூசுது. அவரு வெறுங்கால்."

நிரோஷன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். பிறகு அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, நொண்டி நொண்டி வாசலுக்கே போய்விட்டான்.

அவள் தன் பையைத் திறந்தாள். சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரும் ஒரு குறடும் இருந்தன. டெஸ்டரை ஸ்டாண்டின் இரும்பில் வைத்தாள். சிவப்பாக எரிந்தது. வயரைப் பார்த்துக்கொண்டே போனாள். லைட்டுக்குள் நுழைகிற இடத்தில் வயரின் தோல் உரிந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்படி இதெல்லாம்?" என்று நிரஞ்சன் கேட்டார்.

"படிச்சிருக்கேன், சேர். கரண்ட் வேலை. லெவல் ஃபோர்."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருடமாக லோஜனின் முகத்தில் பார்த்ததுதான். நடிகை ஒருத்தி கிடைத்ததற்கு வருகிற சந்தோஷம் அல்ல அது.

"அட, அப்ப நீங்களே சரி பண்ணிடுங்களேன். கிஷாந்துக்கு வெளியில ஒரு நூறு வேலை. நீங்க செஞ்சா எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"சூப்பர். இருபது நிமிஷம்னா…" அவர் மணியைப் பார்த்தார். "நிரோஷன் நடக்கிறதையாவது எடுத்திடலாம்."

ஆக, அவள் லைட்டைச் சரி செய்வாள். அந்த வெளிச்சத்தில் தம்பி தனியாக நடந்து போவான். அக்கா செத்துவிட்டாளா, குவைத் போய்விட்டாளா என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்.

"மாட்டேன்," என்றாள்.

"என்ன?"

"செய்ய மாட்டேன், சேர். நான் நடிக்க வந்தேன். இதைச் செஞ்சா நாளையிலேர்ந்து எல்லாரும் என்னை இதுக்குத்தான் கூப்பிடுவாங்க. நாலு வருஷமா மேடையில செத்துச் செத்து லைட்டுக்கு ஓடுறேன். இங்கயும் வந்து ஓடணுமா?"

நிரஞ்சன் மறுபடியும் மணியைப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்க கோவத்துக்கு இப்ப எனக்கு நேரமில்ல," என்றார் நிரஞ்சன். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"எனக்கும் நேரமில்லதான். பத்து நிமிஷம் இருக்கு. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மெயினை அணைச்சிருவோம். லைட்டே வேணாம். கதவுப் பக்கமா வெளிச்சம் வருது. அந்தச் செவுத்து பிளக்கும் சரியில்ல. அதை நான் கழட்டுறேன். தம்பி பேக்கோட வந்து நிக்கட்டும். பதினொரு வசனத்தையும் கழட்டிக்கிட்டே சொல்றேன்."

"அக்கா கொழுந்து எடுக்கிறவ, தங்கச்சி."

"கொழுந்து எடுத்துட்டு வந்து கழட்டுறா."

"ஒரு பொம்பளைப் பிள்ளை கரண்ட் வேலை செய்யுதுன்னா பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"நீங்க இப்பதானே, நீங்களே சரி பண்ணிடுங்கன்னீங்க? நீங்க நம்புனீங்கதானே?"

வாசலில் நின்ற றிஃப்னா வாயைப் பொத்திக்கொண்டாள். கெமராக்காரர் கதவுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பிறகு சுவருக்கு அருகில் கையை நீட்டி, கையில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தார். "எடுக்கலாம்," என்றார். "நல்லாத்தான் இருக்கு."

நிரஞ்சன் தலையைச் சொறிந்தார். "கூடை?"

"கூடைய மாட்டிக்கிட்டு ஸ்க்ரூ கழட்ட முடியாது, சேர்."

கூடை வெளியே போயிற்று. சுலக்ஷனா மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் பிளக்கை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். கிஷாந்த் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, உரிஞ்ச வயரு உங்க லைட்டு, அதை நீங்க பாருங்க," என்றாள் அவள். "அதுக்கு முன்னால, மண்ணு தோண்டுற இரும்பு அலவாங்கு ஒண்ணை ஜன்னலுக்கு வெளிய ஈர மண்ணுல நல்லா எறக்கி, ஒரு வயரைச் சுத்தி உள்ள குடுங்க." அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் அலவாங்கை நன்றாக இறக்கினான்; அடிக்கிற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

இரண்டு பதின்மூன்றுக்குக் கெமரா ஓடத் தொடங்கியது.

அவள் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தாள். நிரோஷன் பையோடு வந்து நின்றான். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி உதட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டு, "சாமான் எல்லாம் எடுத்துக்கிட்டியா?" என்றாள். காகிதத்தில் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் 'அழுகை' என்று எழுதியிருந்தது. வாயில் ஸ்க்ரூவோடு அழ முடியாது. வசனம் தட்டையாக, பாதி விழுங்கியபடி வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அழாமல் கேட்டால் அதே கேள்விக்கு இவ்வளவு கனமா?

மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திப் பழகிய குரல். இங்கே கடைசி வரிசை எங்கே? பக்கத்தில், இரண்டு அடி தள்ளி, ஒரு கண்ணாடி வட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது இருமாது. ஆனால் அது கவனிக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்தது.

நிரோஷனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒத்திகையில் அவன் அழகாகத் தலை குனிந்து நின்றான். இப்போது அதை மறந்துவிட்டான். அவள் கையை நீட்டினாள்; அவன் தன்னையறியாமல் தரையில் கிடந்த குறட்டை எடுத்துக் கொடுத்தான். ஆறாவது வசனம் முடிந்ததும் அவனுடைய முறை. அவன் வசனத்தைச் சொல்லவில்லை.

"இது என்ன வயரு, அக்கா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

அவள் நிறுத்தவில்லை. "எர்த். கசியிற கரண்டை மண்ணுக்கு எறக்கிற வயரு. இந்த லயத்துல ஒரு வீட்டுக்கும் இது இல்ல. பிளக்குல ஓட்டை மூணு இருக்கும், வயரு ரெண்டுதான் வரும். மூணாவது ஓட்டை சும்மா பார்வைக்கு." வயரை முறுக்கி உள்ளே சொருகினாள். "கழட்டிக் காட்டுனாத்தான் தெரியும். யாரு கழட்டிப் பாக்கிறா?"

பிறகு ஏழாவது வசனத்துக்குத் திரும்பினாள். "போற எடத்துல நேரத்துக்குச் சாப்பிடு." அதற்குப் பிறகு மிச்சம். பதினோராவதைச் சொல்லும்போது கடைசி ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தாள். எழும்பி, அவனைப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தாள். அவன் வெளியே போனான்.

'கட்' என்று யாரும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். சரி, இன்னும் ஓடுகிறது என்று குறட்டைத் துடைத்துப் பையில் போட்டாள். அப்போதுதான் நிரஞ்சனின் குரல் கேட்டது.

"ஆ… கட்."

அவர் உள்ளே வந்தார். "அந்த மூணாவது ஓட்டை விஷயம் ஸ்கிரிப்டில இல்லையே."

"ஸ்கிரிப்டில இல்ல, சேர். செவுத்துல இருக்கு."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கெமராக்காரரைப் பார்த்தார். "மறுபடியும் கழட்ட முடியுமா?"

"எதை?"

"எல்லாத்தையும். இந்தப் பக்கத்திலேர்ந்து ஒண்ணு வேணும். உங்க முகத்துக்குக் கிட்ட ஒண்ணு. கைக்கு மட்டும் ஒண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரியாகப் பூட்டிய ஒன்றை மறுபடியும் கெடுத்து, மறுபடியும் பூட்டி. தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்படிச் செய்திருந்தால் அடித்து விரட்டியிருப்பார்கள். "எத்தனை தடவ?"

"வெளிச்சம் இருக்கிற வரைக்கும்."

கைக்கு மட்டும் எடுக்க வந்தபோது றிஃப்னா ஓடி வந்து விரல்களைப் பார்த்தாள். பூசிய பழுப்பெல்லாம் வியர்வையில் கரைந்து போயிருந்தது. நகக்கண்ணில் பிளக்கின் பழைய தூசி கறுப்பாக ஏறியிருந்தது. அவள் தூரிகையை எடுத்தாள். கெமராக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மூன்று மணிக்கு வேன் ஹோர்ன் அடித்தது. நிரோஷன் போகுமுன் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அக்கா, எங்க வீட்டு பிளக்குலயும் அப்படித்தான் இருக்குமோ?" என்று கேட்டான்.

"போய்க் கழட்டிப் பாருங்க. மெயினை அணைச்சிட்டு."

வேன் போய்விட்டது. முகத்துக்குக் கிட்ட எடுக்க வேண்டியது இன்னும் மிச்சம் இருந்தது. தம்பி இல்லாமல் எப்படி எடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, கிஷாந்த் ஒரு லைட் ஸ்டாண்டைக் கொண்டுவந்து நிரோஷன் நின்ற இடத்தில் வைத்தான். கரண்ட் இல்லாத வெறும் ஸ்டாண்ட். அதன் தலையில் அந்த லய வீட்டுக்காரப் பெண்ணின் குடையை மடக்கிச் செருகினான்.

"இது என்னண்ணே?"

"இதுதான் ஒன் தம்பி. இதைப் பார்த்துப் பேசு."

"குடையையா?"

"ஏன், உன் நாடகத்துல குடை கிடையாதா?"

மேடையில் அவள் பேசியது இருட்டோடு. ஆனால் அந்த இருட்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள். இங்கே எதிரில் ஆளே இல்லை. ஒரு பூப்போட்ட குடை, நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. இந்தக் குடையைப் பார்த்து ஒருத்தி, "போற எடத்துல நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி, எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவரின் இருமல் நிற்குமா? நிற்கும் என்கிறார்கள். எப்படி? சாகாமல், ஓடாமல், ஒரு முழுக் காட்சியின் கடைசி வரை நின்று பார்த்தால்தான் தெரியும்.

பிளக்கின் ஸ்க்ரூவை நான்காவது தடவையாகக் கழற்றி உதட்டில் வைத்தாள்.

"கொஞ்சம் மேல பாருங்க," என்றார் நிரஞ்சன் கெமராவுக்குப் பின்னாலிருந்து. "குடையைவிடத் தம்பி உயரம் கூட."

அவள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள்.